மாமனார் பெயரும் விலங்கியல் தேர்வும்

எங்கள் மலைநாட்டின் தலைநகரில், தோர்தோய் சந்தையில் திரைச்சீலை விற்கிறேன். இன்று நேற்றல்ல, என் தலை நரைக்கும் முன்பிருந்தே விற்கிறேன். பேரம் படியாத பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆமா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க, எஜே?" என்று கேட்பார்கள். எஜே என்றால் அக்கா. கேட்கிற தொனியில் அக்கா ஒன்றும் இருக்காது. "உயிரியல். அஞ்சு வருஷம். பல்கலைக்கழகத்துல" என்பேன். சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். போகட்டுமே! துணியில் பூஞ்சை பிடித்தால் அதன் குலம் கோத்திரம் சொல்லி எதைப் போட்டுத் துடைக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய வியாபாரி இந்தச் சந்தையில் வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் வகுப்பில் எல்லோருமே இப்படித்தான் சிதறிப் போனோம். மைராம் பீர் தொழிற்சாலையில் ஈஸ்ட் வளர்க்கிறாள். ருசி பார்ப்பதும் வேலையில் சேர்த்தி என்று சொல்லிக்கொள்கிறாள், நான் நம்பவில்லை. தவளையை எங்கள் எல்லோரையும் விடச் சுத்தமாக அறுத்த பையன் ஊர்ப் பள்ளிவாசலில் மௌல்வி ஆகிவிட்டான். ஒருத்தன் சைபீரியாவில் லாரி ஓட்டுகிறான். ஒருத்தி நாரின் என்கிற ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பூவும் காயும் வரைந்து பாடம் நடத்துகிறாள். எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை கூடினால் பேச்சு கடைசியில் புருலிடம்தான் போய் நிற்கும். புருலின் தேர்வைச் சொல்லாமல் எங்கள் கூட்டம் கலைந்ததே இல்லை. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். உள்ளே நின்று பார்த்தவள் நான். அதனால் நான் சொல்வதுதான் சரி.

அவளும் நானும் மைராமும் விடுதியில் ஒரே அறை. நாங்கள் சேர்ந்தபோது இருந்தது ருஷ்யாவோடு இணைந்திருந்த ஒரு நாடு, படித்து முடித்தபோது இருந்தது வேறொரு நாடு. நகரத்தின் பெயர்கூட மாறிவிட்டது. சேர்ந்த புதிதில், ஏன் உயிரியலுக்கு வந்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை, அதனால் வந்தேன். மைராம், "இந்த வரிசையிலதான் கூட்டம் கம்மியா இருந்துச்சு" என்றாள். புருல் மட்டும் தேநீருக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லுடி, ஆத்பாஷிக்காரி."

"நான் பிளேக் நிலையத்துக்குப் போகணும்."

மைராமுக்குப் புரையேறிவிட்டது. "பிளேக்கா? அதுக்கா அம்மா அப்பாவை விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்தே? எல்லாரும் அதைக் கண்டா ஓடுவாங்க, நீ அதைத் தேடிப் போறேங்குறே!"

புருல் நிதானமாகச் சொன்னாள். அவர்கள் ஊரின் மேய்ச்சல் மலைக்குக் கோடை தோறும் பிளேக் தடுப்பு நிலையத்து ஆட்கள் வருவார்களாம். கூடாரம் அடிப்பார்கள். சூர் என்கிறோமே, வளை தோண்டி வாழும் அந்தக் கொழுத்த மலைப் பிராணி, அதைப் பிடித்து ரோமத்தைச் சீவித் தெள்ளுப்பூச்சி எடுத்துச் சோதிப்பார்கள். அவர்களில் ஒரு பெண் இருந்தாள். கால்சட்டையும் தலையில் ஆண்பிள்ளைத் தொப்பியுமாகக் குதிரையில் வருவாள். ஊர் ஆண்களெல்லாம் அவள் சொன்னதைக் கேட்டு நடப்பார்கள். "அந்த மாதிரி ஆகணும்" என்றாள் புருல். அதைச் சொன்னபோது காதுவரை சிவந்துவிட்டது.

அந்த ஐந்து வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மூக்கில் ஃபார்மலின் வாடை அடிக்கும். பாதிப் படிப்பில் நாடு உடைந்தது. ஆய்வகத்தில் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் குளிர்ந்து போனது. மேலங்கியைக் கழற்றாமல் நுண்ணோக்கியில் கண் வைத்தால் மூச்சு பட்டுக் கண்ணாடி மூடிக்கொள்ளும். சாயம் தீர்ந்து போனபோது பீட்ரூட் சாற்றில் செல்லுக்கு நிறம் ஏற்றினோம். பாடம் நடத்திய ஆசிரியர் சாயங்காலம் டாக்சி ஓட்டினார். ஒருநாள் அவர் வண்டியிலேயே நாங்கள் ஏறி, அவரும் வெட்கப்பட்டு நாங்களும் வெட்கப்பட்டு, கடைசியில் வழியெல்லாம் பாசி வகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். மைராம் பையில் எப்போதும் குருத் இருக்கும், உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்தது. விரிவுரை நேரத்தில் வாயில் ஒதுக்கிக்கொண்டால் பசியும் போகும், தூக்கமும் போகும். கோடையில் களப்பயிற்சி என்று மலைக்குக் கூட்டிப் போவார்கள். வண்ணத்துப்பூச்சி பிடிக்கிறோம் என்ற பெயரில் நாங்கள் ஓடிய ஓட்டமும் பாடிய பாட்டும்! ஐயோ, எவ்வளவு சிரித்தோம்! இல்லாத காலத்தில் அவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் குளிர்கால விடுமுறை முடிந்து வந்தபோது புருல் தலையில் வெள்ளை முக்காடு. கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை எர்மெக் அவள் ஊர்ப் பக்கத்துக்காரன், லாரி ஓட்டுகிறான், நல்ல பையன். நாங்கள் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்து, அவள் கொண்டுவந்த, எண்ணெயில் பொரித்த போர்சோக்கைப் பாதி தின்று முடித்த பிறகுதான் மைராம் கேட்டாள்.

"மாமனார் எப்படி? நல்லவரா?"

"ரொம்ப நல்லவரு."

"பேரு என்ன?"

புருல் என்னைப் பார்த்தாள். எங்களில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். மைராமுக்கும் தெரியும். வேண்டுமென்றுதான் கேட்டாள். பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் இருக்கிற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. மாமனார் பெயரில் கல் இருந்தால் கல்லுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பாட்டிமார் எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள், யாருக்கும் குடி முழுகிப் போகவில்லை. ஆனால் புருலின் மாமனார் பெயரைப் பிறகு அவள் பெட்டியில் இருந்த திருமண அழைப்பில் நாங்களே படித்துத் தெரிந்துகொண்டோம். சிச்கான்பாய்.

சிச்கான் என்றால் எலி.

மைராம் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். "அடிப்பாவி! விலங்கியல் படிக்கிறவளுக்கு வாய்ச்ச மாமனாரைப் பாரு! சிங்கம் புலின்னு இருந்தாலும் பரவாயில்ல, இந்த நாட்டுல அது ஏது! எலி இல்லாத பாடம் எங்கடி இருக்கு?"

அன்றிலிருந்து எங்கள் அறையில் எலிக்கு வந்தது வாழ்வு. விடுதியில் எலிக்குப் பஞ்சமா? புருல் அதை "அவர்" என்பாள். "நேத்து அவர் வந்து என் ரொட்டியைக் கடிச்சுட்டுப் போயிருக்கார்" என்பாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். மைராம் விடுவாளா? கட்டிலுக்கு அடியில் சத்தம் கேட்டால் போதும், "புருல், எழுந்து முக்காடு போடு, உன் மாமனார் வந்திருக்கார்" என்பாள். ஒருநாள் நான் பொறி வைத்தேன். காலையில் பார்த்தால் பொறியைக் காணோம். "மரியாதையா இருக்காது" என்றாள் புருல்.

ஓஸ்மோனாலி அகாய்தான் எங்கள் விலங்கியல் ஆசிரியர். அகாய் என்று ஆசிரியரைக் கூப்பிடுவோம். மீசையைக் கடித்துக்கொண்டே பேசுவார், கோபம் வராத மனிதர். எலியை அறுத்துப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்ன நாளில் புருலின் தாளை எடுத்துப் பார்த்தார்.

"படம் பிரமாதம். ஆனா பேரை எழுதலியே, பொண்ணே?"

"கீழ எழுதியிருக்கேன், அகாய்."

"லத்தீன்ல இருக்கு. நம்ம பாஷையில?"

புருல் தலையைக் குனிந்துகொண்டாள். முக்காட்டைப் பார்த்தார், மீசையைக் கடித்தார். "ஓ, மாமனாரா? சரி, சரி. லத்தீன்லயே சொல்லிக்கோ. ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் சொல்லணும்."

அதைப் பிடித்துக்கொண்டாள் புருல். நாங்கள் லத்தீன் பெயரை வேப்பங்காயாக நினைத்து ஓடினோம், அவள் பல் துலக்கும்போது, துணி துவைக்கும்போது, உருளைக்கிழங்கு உரிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். வயல் எலி, வீட்டு எலி, மண்ணுக்குள் இருக்கிறது, வால் நீண்டது, வால் இல்லாதது, ஒன்று விடாமல் ரோமாபுரிப் பாஷையில் அவளுக்கு அத்துப்படி. நான் அவளைப் பார்த்து எரிச்சல் பட்டதுண்டு. இப்போது நினைத்தால் அந்த முணுமுணுப்பு இல்லாமல் எனக்கு அந்த அறை நினைவுக்கே வருவதில்லை.

கடைசி வருஷம் வந்தது. முன்பென்றால் படித்து முடித்தவர்களை அரசாங்கமே இன்ன ஊருக்கு இன்ன வேலை என்று அனுப்பிவிடும். அதெல்லாம் போயே போய்விட்டது. ஆய்வு நிறுவனங்களில் இருக்கிறவர்களுக்கே சம்பளம் இல்லை. எங்கள் வகுப்பில் எல்லோரும் சந்தை, மாஸ்கோ, மாமா வீட்டுக் கடை என்று பேச ஆரம்பித்திருந்தோம். புருல் மட்டும் ஆத்பாஷி மலைப்பக்கத்துப் பிளேக் நிலையத்துக்கு எழுதிப் போட்டாள். அதிசயமாகப் பதில் வந்தது. இருந்தவர்கள் பாதிப் பேர் ருஷ்யாவுக்குப் போய்விட்டார்கள், ஆள் வேண்டும், அரசுத் தேர்வில் தேறிப் பட்டம் கையில் இருந்தால் உடனே வா என்று சொல்லியிருந்தார்கள்.

வீட்டில்தான் இடித்தது. வசந்தம் முதல் இலையுதிர் வரை மலையில் கூடாரம், கூட ஆண்கள். மாமியார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: பட்டத்தை வாங்கிப் பெட்டியில் வை, வீட்டுக்கு வா, ஆடு குட்டி போடுகிறது, கை போதவில்லை. மாமனாரும் அதற்குத் தலையாட்டிவிட்டார். எர்மெக் நல்லவன், ஆனால் அப்பா எதிரில் வாய் திறக்காதவன். "நீ அரசுத் தேர்வுல அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டு வா, அதை வச்சு நான் அப்பாகிட்டப் பேசுறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தான். ஐந்து வாங்காவிட்டால் பேச்சே இல்லை. தேறாவிட்டாலோ, பட்டமும் இல்லை. தேர்வு முடிந்த கையோடு அவளைக் கூட்டிப் போக மாமனார் லாரியில் வருவதாகச் செய்தி வந்தது. புருல் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தேர்வு நாளில் அகாய் மேசையில் இருந்தார், ஆனால் தலைமை அவரில்லை. வெளியிலிருந்து வந்த கிளாரா எஜே தலைமை. நகரத்தில் பிறந்து நகரத்தில் வளர்ந்தவர், குட்டை முடி, கழுத்தில் கட்டிய ஸ்கார்ஃப் ஒரு மடிப்பு கலையாது. எங்கள் பாஷைதான் இனி நாட்டின் பாஷை, அறிவியலையும் அதிலேயே சொல்ல வேண்டும் என்பது அவர் வைராக்கியம். அந்த வைராக்கியத்தில் தப்பில்லை. நாங்கள் சின்ன வயதில் பேருந்தில் ருஷ்யப் பாஷை பேசாமல் எங்கள் பாஷையைப் பேசித் திட்டு வாங்கியவர்கள்.

நான் தேர்வு முடித்து ஓரமாக உட்கார்ந்திருந்தேன். புருல் சீட்டு எடுத்தாள். படித்ததும் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "நம் நாட்டின் கொறிக்கும் பிராணிகளும் அவற்றால் பரவும் நோய்களும்." இந்தக் கேள்வி வேறு யாருக்கு வந்திருந்தாலும் குதித்திருப்பார்கள். அவளுக்குமே இதைவிட நன்றாகத் தெரிந்த கேள்வி கிடையாது.

எழுந்து சொல்ல ஆரம்பித்தாள். அருவி மாதிரி கொட்டினாள். ஆனால் பெயர் வரும் இடமெல்லாம் லத்தீன்.

கிளாரா எஜே பென்சிலால் மேசையைத் தட்டினார். "நில்லும்மா. லத்தீன் நல்லாத்தான் இருக்கு. நம்ம மக்கள் இதை என்னன்னு சொல்றாங்க?"

புருல் லத்தீன் பெயரையே இன்னொரு முறை சொன்னாள்.

"தெரியாதா?"

"தெரியும், எஜே."

"அப்போ சொல்லு."

"சொல்ல முடியாது, எஜே."

அகாய் இடையில் புகுந்தார். "அவ கல்யாணமான பொண்ணு, மாமனாரோட பேரு அது..."

"மாமனாருக்கு அறிவியல்ல என்ன வேலை?" கிளாரா எஜே குரல் உயர்ந்தது. "ஓஸ்மோனாலி, நீங்க இப்படிச் செல்லம் கொடுத்துத்தான் கெடுத்து வச்சிருக்கீங்க. நாளைக்கு இவ நிலையத்துல வேலைக்குப் போறா. ஆட்டுக்காரன் வந்து நோய் எதுலருந்து வருதுன்னு கேக்குறான். இவ வாயை மூடிக்கிட்டு நிப்பாளா? இல்ல, லத்தீன்ல சொல்வாளா?"

நியாயமான கேள்விதான். "மத்தியானம் வா. ஒரே ஒரு சொல். சொல்லிட்டு மார்க்கை வாங்கிக்கிட்டுப் போ. இல்லேன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிக் கிளாரா எஜே சீட்டைத் தனியாக எடுத்து வைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் நானும் மைராமும் அவளைச் சூழ்ந்துகொண்டோம்.

"ஒரு சொல்லுடி! மூச்சு விடுற நேரம். உங்க மாமனாருக்கா கேக்கப் போகுது?"

"எனக்குக் கேக்குமே" என்றாள் புருல்.

"கேட்டா? கேட்டா என்ன, நாக்கு அழுகிடுமா?"

"மைராம், எனக்குச் சொல்லணும்னுதான் இருக்கு. வாய் வரைக்கும் வருது. அவரு முகம் தெரியுது. நான் முதல் முதலா அந்த வீட்டுக்குள்ள போனப்ப நடுங்கிக்கிட்டு நின்னேன். அவரு எழுந்து வந்து தன்னோட மேலங்கியைக் கழட்டி எனக்குப் போட்டாரு. அந்த மனுஷனைப் போய்..." அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! யார் மேல் என்று தெரியாத கோபம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே முற்றத்தில் ஒரு லாரி நிற்கிறது. பக்கத்தில் வெள்ளைக் கல்பாக் தொப்பியோடு ஒரு பெரியவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தடதடவென்று படியிறங்கி ஓடினேன்.

"வணக்கம் பெரியவரே. நீங்கதானே புருலோட மாமனார்?"

"ஆமாம்மா. முடிச்சுட்டாளா?"

"எங்க முடிக்கிறது! உங்க பேருனால உங்க மருமக ஃபெயில் ஆகப் போறா!"

முழுவதும் கொட்டிவிட்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "எந்த ரூம்?" என்று கேட்டார்.

நான் பின்னாலேயே வர, அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனபோது மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. கிளாரா எஜே சீட்டை மறுபடி கையில் எடுத்திருந்தார், புருல் எதிரே நின்றுகொண்டிருந்தாள். மாமனாரைக் கண்டதும் தேர்வாவது ஒன்றாவது, முழங்காலில் கை வைத்துக் குனிந்து வணங்கினாள். அவரும் அது பல்கலைக்கழகம் என்பதை மறந்து, "நல்லா இரும்மா, நீண்ட ஆயுசோட இரு" என்றார். அகாய் மீசைக்குள் சிரித்தார்.

"யாரு நீங்க?" என்றார் கிளாரா எஜே.

"நீங்க இவகிட்டக் கேட்டீங்களே ஒரு பேரு, அது நான்தான்."

"நான் கேட்டது எலியோட பேரு, பெரியவரே."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. சிச்கான்பாய்." தொப்பியைச் சரிசெய்துகொண்டு மருமகள் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. எல்லார் முன்னாடியும் நான் அனுமதி கொடுக்கிறேன். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்."

புருல் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அனுமதி கொடுத்த மனிதர் எதிரிலேயே நின்றால் எப்படி வரும்? நானாக இருந்தாலும் வந்திருக்காது, என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும்.

பெரியவர் கிளாரா எஜே பக்கம் திரும்பினார். "சரி, அவளால ஆகாது. நீங்க கேளுங்க, அவ உங்க பாஷையில சொல்லட்டும், நான் நம்ம பாஷையில சொல்றேன்" என்றார்.

"இது தேர்வு, பெரியவரே!"

"எஜே, விதியில தேடிப் பாத்துட்டேன்," என்றார் அகாய், எந்தப் புத்தகத்தையும் திறக்காமலே. "மாமனார் பதில் சொல்லக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

கிளாரா எஜேயின் வாய்க் கோடியில் ஏதோ அசைந்தது. "நடத்துங்க" என்றார்.

நடந்தது. புருல் ஒரு பிராணியை லத்தீனில் சொல்லி, அதன் பல், வால், வளை எல்லாம் விவரிப்பாள். பெரியவர் கதவோரம் நின்று, "வீட்டு சிச்கான்" என்பார். அடுத்தது. "வயல் சிச்கான்." அடுத்தது. "இது மஞ்சள் சிச்கான்." ஒன்றில் தப்பாகச் சொல்லிவிட்டார். புருல் அவர் பக்கம் பார்க்காமல் தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். "ஆங்? இல்லையா? வால் குட்டைன்னு சொன்னியே... அப்ப மண்ணுக்குள்ள இருக்கிறது" என்று திருத்திக்கொண்டார். கதவுக்கு வெளியே மொத்த வகுப்பும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. மைராம் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டாள். தன் பெயரைத் தானே அத்தனை முறை அத்தனை பேர் முன்னால் கூவிய மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"சரி, இனி நோய்," என்றார் கிளாரா எஜே. அவர் குரலும் இளகியிருந்தது.

புருல் பிளேக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இதில் சொல்லக்கூடாத சொல் எதுவும் இல்லை, அதனால் தடையில்லாமல் வந்தது. "மலையில இது சூர்கிட்ட இருக்கு. நோய் வந்த சூர் ஓடாது. சீட்டி அடிக்காது. அதனால நாய் சுலபமாப் பிடிச்சுடும், இல்லேன்னா பசங்க கையிலயே பிடிச்சுடுவாங்க. அது மேல இருக்கிற தெள்ளுப்பூச்சி மனுஷனைக் கடிக்கும். தோலை உரிக்கிறப்பவும் ஒட்டும். முதல்ல காய்ச்சல். அக்குள்ள கட்டி. நெஞ்சுக்கு இறங்கிட்டா அப்புறம் மூச்சு வழியாவே பரவும். ஒரே கூடாரத்துல இருக்கிறவங்க ஒருத்தர் பின்னால ஒருத்தராப் போயிடுவாங்க. முதல்ல சின்னப் பிள்ளைங்க. நம்ம மக்கள் இதைக் கறுப்பு ஜுரம்னு..."

"நிறுத்தும்மா" என்றார் பெரியவர்.

எல்லோரும் திரும்பினோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஓடாத சூரா?"

"ஆமாம்ப்பா" என்றாள் புருல்.

"நாய் கவ்விக்கிட்டு வந்துச்சாம். எங்கம்மா சொல்லுவா. பசங்களுக்கு ஒரே சந்தோஷமாம், வேட்டை இல்லாமயே கறின்னு." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு அண்ணன், ஒரு அக்கா, எங்கப்பா. அம்மா அப்ப துக்க வீட்டுக்குன்னு பொறந்த வீட்டுக்குப் போயிருந்தா. நான் வயித்துல. திரும்பி வந்தா கூடாரத்தையே எரிச்சிட்டாங்க. சாம்பல்கிட்டக்கூட விடல. அப்புறம் நான் பொறந்தேன். இவனாவது சாவு கண்ணுல படாம இருக்கட்டும்னுதான் இந்தப் பேரை வச்சா, யாருக்கு வேணும் எலி?"

வெளியே சிரிப்பு நின்றுவிட்டது.

"புருஷனையும் பிள்ளைங்களையும் முழுங்கினவன்னு ஊரே சொல்லுச்சு அவளை. கல்யாண வீட்டுல முன்னால உக்கார விடமாட்டாங்க. குழந்தையைத் தூக்க விடமாட்டாங்க. அவளும் தன் ராசிதான்னு நம்பிக்கிட்டே செத்துப்போனா. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், பொய் சொல்லக் கூடாது." புருலைப் பார்த்தார். "தெள்ளுப்பூச்சியாம்மா? நிஜமாவா? அவ்வளவு சின்னதா?"

"நிஜம்தான்ப்பா. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் ஊர் ஆண்பிள்ளை அத்தனை பேர் முன்னால் அழமாட்டான். அவர் அழுதார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கிளாரா எஜே எழுந்து போய் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு தன் இடத்துக்கு வந்து, யாரையும் கலந்து பேசாமல், ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இந்தப் பொண்ணு வாயை மூடிக்கிட்டு நிப்பாளோன்னு பயந்தேன்," என்று அகாயிடம் சொன்னார். "பயப்பட வேண்டியதில்ல."

பெரியவர் மெதுவாகப் படியிறங்கினார். புருல் இரண்டு படி பின்னால், அவரை முந்தாமல். நானும் மைராமும் அதற்கும் பின்னால். எர்மெக் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான், அப்பாவின் முகத்தைப் பார்த்தான், என்ன ஆனதென்று தெரியாமல் முழித்தான். "அஞ்சு" என்று நான் தூரத்திலிருந்தே ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவன் பேச வேண்டியதைப் பேசத் தொண்டையைச் செருமினான்.

"அப்பா, ஒரு விஷயம்..."

"நீ சும்மா இரு" என்றார் பெரியவர். மருமகள் பக்கம் திரும்பினார். "அந்த நிலையத்துல எப்ப வரச் சொல்லியிருக்காங்க?"

மைராம்தான் முந்திக்கொண்டு, "அடுத்த வாரமே வரச் சொல்லியிருக்காங்க, பெரியவரே" என்றாள்.

"ஆடு குட்டி போடுறதை நாங்க பாத்துக்கிறோம். உன் மாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன், அவ கத்துவா, கத்தட்டும்." லாரியின் கதவைத் திறந்து ஒரு காலை மேலே வைத்தவர் அப்படியே நின்றார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. மலைக்குப் போனா, பிள்ளைங்க இருக்கிற கூடாரமாப் பாத்து முதல்ல போ."

அவள் அப்படித்தான் போனாள். இன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறாள்.